ரிமோட்டில் மல்லிகைப்பூ பச்சையாகத் தெரிகிறது: 16 பிட்டா, 32 பிட்டா?

உட்லண்ட்ஸ் மல்லிகை
திங்கள், இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பிதழ், தீபாவளி விளம்பரம் இதெல்லாம் வடிவமைக்கிற வேலை எனக்கு. சிங்கப்பூரில் அலுவலகம் உபி பக்கம், வீடு உட்லண்ட்ஸ், வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. எங்களுடைய பழைய தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தியவை. அவை ஒழுங்காக ஓடுவது அலுவலக மூலையில் இருக்கும் ஒரே ஒரு விண்டோஸ் 7 கணினிப் பெட்டியில்தான். பதினைந்து வருடத்துக் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. அதனால் வீட்டு மடிக்கணினியிலிருந்து (விண்டோஸ் 11) ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்தப் பெட்டிக்குள் போய் வேலை செய்கிறேன்.

பிரச்சினை இதுதான். பத்திரிகையின் பின்னணியில் குங்குமச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மெதுவாக மாறுகிற மாதிரி வைத்திருக்கிறேன். அது ரிமோட்டில் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரிகிறது. ஓரத்தில் மல்லிகைச் சரம் படம் ஒன்று இருக்கிறது, அதன் நிழலில் ஒரு கோடு லேசான பச்சை, அடுத்த கோடு லேசான ரோஜா நிறம், மறுபடியும் பச்சை. வெள்ளைப் பூவுக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்றே புரியவில்லை.

போன மாதம் கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து, பட்டை தெரியாமல் இருக்கப் பின்னணியில் பொடிப்பொடியாகப் புள்ளி தூவி, மங்கலாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்தபோது 400 பத்திரிகையும் சொரசொரப்பாக மணல் தூவின மாதிரி இருந்தது. பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, பத்திரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டார். அதை என்னால் மறக்க முடியவில்லை. மறுபடி அச்சடித்துக் கொடுக்கிறோம், ஆனால் இப்போது திரையில் பார்ப்பதை நம்பவே பயமாக இருக்கிறது.

ரிமோட் மென்பொருளில் டிஸ்ப்ளே பக்கத்தில் நிறத்தை 32 பிட் என்று மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. யாராவது உதவுங்கள்.

ஈசூன் தம்பி
திங்கள், இரவு 10.48

அக்கா, நான் ஒரு நிறுவனத்தில் கணினி பராமரிப்பு பார்க்கிறேன். எங்கள் இடத்தில் எல்லா ரிமோட்டையும் 16 பிட்டில்தான் வைத்திருக்கிறோம், வேகம் வேண்டும் என்பதற்காக. 32 வைத்தால் இணையத்துக்கு இரட்டிப்புச் சுமை. நீங்கள் 32 என்று மாற்றியும் மாறவில்லை என்றால் மடிக்கணினியின் திரையே மட்டமானதாக இருக்கலாம், அல்லது காட்சி அட்டையின் டிரைவர் பழையதாக இருக்கலாம். அதே படத்தை ரிமோட் இல்லாமல் மடிக்கணினியில் நேரடியாகத் திறந்து பார்த்தீர்களா?

உட்லண்ட்ஸ் மல்லிகை
திங்கள், இரவு 11.05

பார்த்தேன் தம்பி. பிடிஎஃப் ஆக்கி எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி மடிக்கணினியில் திறந்தால் வழவழவென்று இருக்கிறது, பட்டையே இல்லை. பூவும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ரிமோட்டுக்குள் பார்த்தால் மட்டும் இப்படி.

பழைய பெட்டி
செவ்வாய், காலை 6.30

அப்படியானால் திரையையும் டிரைவரையும் விட்டுவிடலாம். அம்மா, நீங்கள் சொன்ன அந்தப் பச்சை, ரோஜா கோடுகள்தான் இதில் முக்கியமான தடயம். அது 16 பிட்டின் கைரேகை மாதிரி. முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதை எங்கே பார்த்தாலும் உடனே தெரிந்துவிடும். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏன் என்று புரிந்துவிட்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம், ஒரு பிட் கூடினால் படிகள் இரட்டிப்பாகும். 32 பிட் என்றால் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் (பிக்ஸலுக்கும்) சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8 பிட். மீதி 8 பிட் நிறத்துக்கு இல்லை, ஊடுருவுதன்மைக்கோ அல்லது வெறுமனே இடம் நிரப்பவோ இருக்கிறது. ஆக நிறம் என்று பார்த்தால் 24 பிட்டும் 32 பிட்டும் ஒன்றுதான், இரண்டிலும் 16.7 மில்லியன் நிறங்கள்.

16 பிட்டில் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5. அதாவது சிவப்பில் 32 படி, பச்சையில் 64 படி, நீலத்தில் 32 படி, மொத்தம் 65,536 நிறம். மனிதக் கண் பச்சையில் வித்தியாசத்தை நன்றாகப் பிடிக்கும் என்பதால் மிஞ்சிய ஒரு பிட்டைப் பச்சைக்குக் கொடுத்துவிட்டார்கள். வினை அங்கேதான் வருகிறது. சாம்பல் நிறம் என்றால் மூன்று நிறமும் சமமாக இருக்க வேண்டும். இப்போது 100, 100, 100 என்ற சாம்பலை 16 பிட்டில் போட்டுத் திரும்ப எடுத்தால் 99, 101, 99 ஆகிறது. பச்சை தூக்கல். 106, 106, 106 போட்டால் 107, 105, 107 வருகிறது. பச்சை குறைந்துவிட்டது, அதனால் ரோஜா சாயல். வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகப் போக இது மாறி மாறி நடக்கும். மல்லிகைப்பூவின் நிழல் முழுக்கச் சாம்பல்தானே, அதனால் அங்கே பளிச்சென்று தெரிகிறது. குங்குமப் பின்னணியில் படிக்கட்டாகத் தெரிவதும் இதே காரணம், 256 படி இருந்த இடத்தில் 32 அல்லது 64 படிதான் இருக்கிறது.

15 பிட் என்றும் ஒன்று பட்டியலில் இருக்கும். அதில் மூன்றுக்கும் 5, 5, 5. நிறம் 32,768தான், ஆனால் சாம்பல் சாம்பலாகவே இருக்கும், பச்சை ரோஜா வராது. உங்களுக்கு வருகிறது என்பதால் இது 16 என்று உறுதியாகச் சொல்கிறேன்.

சரி, நீங்கள் 32 வைத்தும் ஏன் மாறவில்லை? இரண்டு இடத்தைப் பாருங்கள்.

முதலில், எதைச் சொடுக்கி உள்ளே போகிறீர்கள்? மேசைத்திரையில் யாரோ சேமித்து வைத்த ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்பின் தொடர்பு முறை) கோப்பு ஒன்றைத்தான் தினமும் திறக்கிறீர்கள் என்றால், தனியாக மென்பொருளைத் திறந்து மாற்றிய அமைப்பு அந்தக் கோப்புக்குப் போகாது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, ‘செஷன் பிபிபி’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரியின் கடைசி எண்தான் பிட்.

இரண்டாவது, அலுவலகப் பெட்டியிலேயே உச்சவரம்பு வைத்திருக்கலாம். விண்டோஸ் 7 கேட்டதையெல்லாம் கொடுக்காது. நீங்கள் கேட்பது, உங்கள் மென்பொருளால் முடிவது, அந்தப் பெட்டியின் வரம்பு, இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். வரம்பு இருக்கிற இடம் குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள் இருக்கும் இடம்): கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், அதற்குள் ரிமோட் செஷன் என்விரான்மென்ட். அங்கே ‘லிமிட் மேக்ஸிமம் கலர் டெப்த்’ என்று ஒரு வரி இருக்கும். மாற்றிய பிறகு வெறுமனே சன்னலை மூடித் திறக்காமல், உள்ளே முழுக்க லாக் ஆஃப் செய்துவிட்டுப் புதிதாகப் போங்கள்.

அப்புறம் ஒன்று, நிறத்தைவிட இது எனக்கு அதிகக் கவலை. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. வீட்டிலிருந்து எப்படி உள்ளே போகிறீர்கள், விபிஎன் (அலுவலக வலையமைப்புக்குள் போகும் பாதுகாப்பான பாதை) வழியாகவா அல்லது அலுவலக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 துறையை (இணைப்பு வாசலை) நேராக வெளியே திறந்து வைத்திருக்கிறார்களா? 2019-இல் புளூகீப் என்று ஒரு ஓட்டை வந்தது, விண்டோஸ் 7-இன் ரிமோட் சேவையில் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகலாம். அதே வருடம் மே மாதம் அதற்குத் திருத்தம் கொடுத்தார்கள், அது உங்கள் பெட்டியில் போட்டிருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

ஈசூன் தம்பி
செவ்வாய், காலை 8.10

அண்ணே, பச்சை ரோஜா விளக்கம் அருமை, நான் இதை இத்தனை நாள் கவனித்ததே இல்லை. ஆனால் ஒரு கேள்வி. 32 பிட் என்றால் 16 பிட்டுக்கு இரண்டு மடங்கு தரவு போகுமே? எங்கள் சென்னைக் கிளையிலிருந்து இங்கே இருக்கும் சர்வருக்கு வருபவர்கள் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொன்னதால்தான் நான் 16 வைத்தேன்.

பழைய பெட்டி
செவ்வாய், மதியம் 12.40

நல்ல கேள்வி தம்பி. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1920க்கு 1080 திரை, ஒரு முழுப் படம் 32 பிட்டில் 8.3 மெகாபைட். நொடிக்கு 30 படம் அப்படியே அனுப்பினால் கிட்டத்தட்ட 2 கிகாபிட். 16 பிட்டில் பாதி, 1 கிகாபிட். இரண்டுமே ரிமோட் வேலைக்கு நடைமுறையில் ஒத்துவராத அளவு. அதனால் எந்த ரிமோட் மென்பொருளும் முழுப் படத்தை அப்படியே அனுப்புவதில்லை, மாறிய பகுதியை மட்டும் எடுத்து அதையும் சுருக்கித்தான் அனுப்புகிறது. சுமையை முடிவு செய்வது அந்தச் சுருக்கும் முறைதான், பிட் எண்ணுக்கு அதில் சின்னப் பங்குதான்.

32 பிட்டுக்கு ஆர்டிபி வேறு சுருக்கு முறையைப் பயன்படுத்துகிறது. விண்டோஸ் விஸ்டாவோடு ஆர்டிபி 6.0 வந்தபோது சேர்த்தது அது. சிவப்பு, பச்சை, நீலம் என்று தளம் தளமாகப் பிரித்து, மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கும். 8, 15, 16, 24 பிட்டுக்கு இருப்பது அதைவிடப் பழைய முறை. அதனால் 32 வைத்தால் இரட்டிப்பு ஆகிவிடும் என்று காகிதத்தில் போடுகிற கணக்கு நடைமுறையில் பலிக்காது. ரிமோட் எஃப்எக்ஸ் என்ற சுருக்கு முறைக்கோ 32 பிட் இருந்தே ஆக வேண்டும். 16 கேட்டால் அந்த வழியே திறக்காது.

இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. உங்கள் சர்வர் விண்டோஸ் சர்வர் 2012 அல்லது அதற்குப் பிந்தியதாக, வருகிறவர்களின் கணினி விண்டோஸ் 8 அல்லது அதற்கு மேலாக இருந்தால், நீங்கள் குரூப் பாலிசியில் வைத்த 16 வேலையே செய்யாது. அந்த வரியின் கீழே உள்ள விளக்கத்தை முழுக்க வாசித்துப் பாருங்கள், ஆர்டிபி 8.0 அல்லது அதற்கு மேல் உள்ள கணினிகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது, எப்போதும் 32 பிட்தான் என்று எழுதியிருக்கும். பலர் அந்த விளக்கத்தை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் 7 மாதிரி பழைய பெட்டிக்குள் போகும்போதுதான் இந்த வரம்புக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மல்லிகை அம்மாவுக்கு நடப்பது அதுதான்.

சென்னை மெதுவாக இருப்பதற்குத் தூரம் பெரிய காரணம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கடலடியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 30 மில்லிநொடி, இது இயற்கை விதித்த குறைந்தபட்சம், நடுவில் இருக்கும் ரவுட்டர்களும் வளைந்து போகிற வழிகளும் சேர்ந்தால் இன்னும் கூடும். எழுத்தைத் தட்டியதும் திரையில் வருவதற்கு ஆகிற அந்தத் தாமதத்தை எந்த பிட்டும் குறைக்காது. எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் மேசைத்திரைப் படம், சன்னல் இழுக்கும்போது உள்ளே காட்டுவது, மெனு அசைவு இவற்றை எடுத்துவிட்டால் கொஞ்சம் பலன் தெரியும். ஃபான்ட் ஸ்மூத்திங் மட்டும் எடுக்காதீர்கள், தமிழ் எழுத்து சிதைந்துபோகும்.

ஈசூன் தம்பி
செவ்வாய், மதியம் 1.25

இப்போதுதான் போய் வாசித்தேன் அண்ணே. நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மூன்று வருடமாக அந்த வரம்பை எல்லா சர்வரிலும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், யாருக்கும் எதுவும் மாறியிருக்காது. இன்று மாலையே எடுத்துவிடுகிறேன். நன்றி.

பொங்கோல் பெங்குவின்
செவ்வாய், இரவு 9.20

நான் லினக்ஸில் ரெமினா என்ற ரிமோட் மென்பொருள் வைத்து வேலை செய்கிறேன், அதில் இந்தக் குழப்பம் கண்ணுக்கு நேராகவே தெரியும் என்பதால் சொல்கிறேன். நிற ஆழம் என்ற ஒரே பட்டியலில் 256 நிறம், 15, 16, 24 பிட் எல்லாம் ஒரு பக்கம், ரிமோட் எஃப்எக்ஸ், ஜிஎஃப்எக்ஸ் ஏவிசி 420, ஜிஎஃப்எக்ஸ் ஏவிசி 444 என்று 32 பிட் வகைகள் ஒரு பக்கம், எல்லாம் கலந்து கிடக்கும். முதல் முறை பார்த்தபோது ஒன்றுமே புரியாமல், சின்ன எண் என்றால் வேகம் என்று 16-ஐ எடுத்தேன். அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 11. காணொளி ஓடும் பக்கத்தைத் திறந்தால் திரை துண்டு துண்டாக வந்து ஒட்டும். ஜிஎஃப்எக்ஸ் ஏவிசி 444-க்கு மாற்றியதும் சரளமாக ஓடியது, நிறமும் நன்றாக இருந்தது. 16-இல் இருக்கும்போது புதிய வழி எதுவும் திறக்காமல் பழைய வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று பழைய பெட்டி ஐயா எழுதியதை வாசித்த பிறகுதான் புரிகிறது.

லினக்ஸ் பெட்டிக்குள் எக்ஸ்ஆர்டிபி (லினக்ஸுக்கான ஆர்டிபி சேவை) வழியாகப் போகிறவர்கள், அதன் ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ் பிபிபி’ என்ற வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு அங்கேயும் இருக்கிறது.

உட்லண்ட்ஸ் மல்லிகை
புதன், இரவு 8.50

கண்டுபிடித்துவிட்டோம்! ஐயா சொன்ன இரண்டுமே.

மேசைத்திரையில் இருந்த கோப்பு, முன்பு எங்களுக்குப் பராமரிப்பு பார்த்தவர் வைத்துவிட்டுப் போனது. நோட்பேடில் திறந்தால் 16 என்று இருந்தது. நான் இத்தனை நாள் வேறு இடத்தில் 32 என்று மாற்றிவிட்டு, இந்தக் கோப்பைச் சொடுக்கி உள்ளே போயிருக்கிறேன். அதை 32 ஆக்கியும் மாறவில்லை. இன்று அலுவலகம் போய் அந்தப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து குரூப் பாலிசியைத் திறந்தேன், அங்கேயும் 16 என்று வரம்பு வைத்திருந்தது. எடுத்துவிட்டு, பெட்டியை ஒருமுறை மறுபடி தொடக்கி, வீட்டுக்கு வந்து உள்ளே போனேன்.

மல்லிகை வெள்ளையாக இருக்கிறது. குங்குமம் மஞ்சளில் அப்படியே கரைகிறது. வேகத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3389 விஷயமும் கேட்டேன். ஐயா பயந்தது சரி, நேராகத் திறந்துதான் இருந்தது. முதலாளியிடம் அந்த ஓட்டை பற்றிச் சொன்னதும் அவர் அன்றைக்கே மூடச் சொல்லிவிட்டார், இனிமேல் விபிஎன் வழியாக மட்டும்தான்.

இன்னொரு சந்தேகம். இது சரியாவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை என் தம்பி விளையாட்டுக்காக வைத்திருக்கும் ஒரு ரிமோட் மென்பொருளை அலுவலகத்துப் புதுக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அதில் பின்னணி வழவழவென்று வந்தது, ஆனால் கருநீலத்தின் மேல் சிவப்பில் வைத்திருந்த சின்ன எழுத்து கசங்கிப்போனது. புள்ளியே தெரியவில்லை. ‘கண்ணன்’ என்பது ‘கணணன’ என்று தெரிந்தால் பிழை திருத்துவது எப்படி? அதிலும் நிறம் 24 பிட் என்றுதான் போட்டிருந்தது.

பழைய பெட்டி
வியாழன், காலை 6.15

துறையை மூடியது கேட்டு நிம்மதி. அந்தப் பெட்டியில் வேறு இணைய வேலை எதுவும் செய்யாதீர்கள், மின்னஞ்சல்கூட வேண்டாம்.

புள்ளி காணாமல் போவதற்கும் பிட் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அந்த மாதிரி மென்பொருள்கள் திரையை வீடியோவாக மாற்றி அனுப்புகின்றன. வீடியோவில் 4:2:0 என்று ஒரு பழக்கம் உண்டு. வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் பக்கத்து நான்கு பிக்ஸலுக்கு ஒன்று என்று சேர்த்துவிடுவார்கள். முகம், மரம், கடல் என்றால் கண்ணுக்குத் தெரியாது. கருப்பு எழுத்து வெள்ளையில் இருந்தாலும் பரவாயில்லை, அங்கே வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. கருநீலத்தின் மேல் சிவப்பு என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இருட்டு, வித்தியாசம் முழுக்க நிறத்தில்தான், அதைத்தான் நான்கில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். சின்ன எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு பிக்ஸல் அகலம்தான் இருக்கும், அது பின்னணியோடு கலந்து கரைந்துவிடும். ஆங்கில எழுத்தில் இப்படி ஆனால் கண் எப்படியோ ஊகித்துவிடும், தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடுகிறது. இதனால்தான் தமிழில் வேலை செய்கிறவர்கள் இதில் கறாராக இருக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

மருந்து 4:4:4. அதில் நிறமும் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தனியாகப் போகும். ஆர்டிபியில் விண்டோஸ் 10, சர்வர் 2016 காலத்திலிருந்து ஏவிசி 444 என்ற வீடியோ சுருக்கு முறை இருக்கிறது. அலுவலகத்துப் புதுக் கணினியில், நான் மேலே சொன்ன அதே இடத்தில், எச்.264 ஏவிசி 444-க்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லும் வரியை இயக்குங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில்) ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் ஆர்டிபி கோர் டிஎஸ் பதிவில் 162 என்ற எண்ணைத் தேடுங்கள், அதில் 2048 என்று இருந்தால் 444 ஓடுகிறது. உங்கள் தம்பியின் மென்பொருளிலும் 4:4:4 என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விண்டோஸ் 7 பெட்டியில் இதெல்லாம் கிடையாது, ஆனால் அது படத்தை வீடியோவாக அனுப்புவதும் இல்லை, எனவே புள்ளி அங்கே பத்திரம்.

துவாஸ் இரவுப்பணி
வியாழன், அதிகாலைப் பணி முடிந்து, காலை 8.05

எல்லாரும் 32-ஐப் பற்றியே பேசுகிறீர்கள், குறைவான பிட் தேவைப்படுகிற இடமும் இருக்கிறது என்று பதிவு செய்ய விரும்புகிறேன். நான் துவாஸ் பக்கம் ஒரு ஆலையில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுத் திரைகளைப் பார்க்கிறேன். கொட்டகையின் கடைசிக் கோடியில் உள்ள சில இயந்திரங்களுக்குக் கைப்பேசி இணைப்புதான், அதுவும் இரும்புச் சுவர்களுக்கு நடுவே தட்டுத்தடுமாறி வரும். அங்கே விஎன்சி என்ற வேறொரு ரிமோட் முறை வைத்திருக்கிறோம். திரையில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நிறம், கோடுகள், எண்கள். அதற்கு 16.7 மில்லியன் நிறம் எதற்கு? டைகர் விஎன்சியில் நிற அளவு முழுமை, 256, 64, 8 என்று நான்கு இருக்கிறது. இறக்கினால் உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது, ஏனென்றால் விஎன்சியில் பார்க்கிற பக்கம் எந்தப் புள்ளி அமைப்பில் வேண்டும் என்று கேட்கிறதோ, அந்த அமைப்பில்தான் மறுபக்கம் அனுப்பும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதற்காகத்தான் தூக்கம் வந்தும் எழுதுகிறேன். ஒரு நாள் இணைப்பு மிக மோசமாக இருந்ததால் 8 நிறத்துக்கு இறக்கினேன். எட்டு என்றால் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், பச்சை கலந்த நீலம் (சயான்), ஊதா கலந்த சிவப்பு (மெஜந்தா) அவ்வளவுதான். ஆரஞ்சு கிடையாது. எங்கள் திரையில் மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் அழுத்தம் ஏறுகிறது, சிவப்பு என்றால் நிறுத்து. ஆரஞ்சில் இருந்த ஒரு வால்வு எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் எண்ணும் இருந்ததால் பிடித்துவிட்டேன், எண் மட்டும் இல்லையென்றால் விட்டிருப்பேன். 64 நிறத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு படி இருப்பதால் ஆரஞ்சு தனியாகவே தெரிகிறது. அன்றிலிருந்து 64-க்குக் கீழே யாரையும் இறங்க விடுவதில்லை, அதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

பழைய பெட்டி
வியாழன், காலை 9.30

துவாஸ் தம்பி, இதை எழுதியதற்கு நன்றி, இது நான் யோசிக்காத கோணம். விஎன்சியில் இந்த எண்ணுக்கு முழு மதிப்பு உண்டு என்பது சரி. ஆரஞ்சு கதையைப் பராமரிப்பு வேலையில் இருக்கிற எல்லாரும் வாசிக்க வேண்டும். முடிந்தால் அந்தத் திரையை வடிவமைத்தவர்களிடம் சொல்லி நிறத்தோடு வடிவமும் மாறும்படி செய்யச் சொல்லுங்கள், ஆரஞ்சுக்கு முக்கோணம், சிவப்புக்குச் சதுரம் என்று. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அது உதவும்.

தேக்கா வண்ணக்காரர்
வியாழன், இரவு 10.00

அச்சு வேலையில் இருபது வருடம், அதனால் மல்லிகைத் தங்கைக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பம், பல பேர் என்னிடம் கேட்கிறார்கள். கடையில் திரை வாங்கும்போது 8 பிட், 10 பிட் என்று போட்டிருப்பது ஒரு நிறத்துக்கு. ரிமோட்டில் 32 பிட் என்று போட்டிருப்பது ஒரு புள்ளிக்கு. 32 பெரிய எண்ணாக இருக்கிறதே, அப்படியென்றால் 10 பிட் திரையைவிட உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இப்போது வைத்திருக்கும் ரிமோட்டின் 32 என்பது ஒரு நிறத்துக்கு 8தான்.

அடுத்தது, ரிமோட் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதில் நிறத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுத்து, இடைவெளி, படம் எங்கே வெட்டுகிறது, பெயர்ப்பிழை இதற்கெல்லாம் ரிமோட் போதும். நிறத்தை எண்ணாகப் பாருங்கள். மென்பொருளின் நிறம் எடுக்கும் கருவி கோப்பில் இருக்கிற மதிப்பைத்தான் சொல்லும், திரைக்கு எத்தனை பிட் வந்தது என்பது அதைத் தொடாது. மஞ்சளில் மஞ்சள் மை எத்தனை, மெஜந்தா எத்தனை என்று பார்த்தால் பட்டை உண்மையா பொய்யா என்று அங்கேயே தெரிந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் பிடிஎஃப் ஆக்கி மடிக்கணினியில் திறந்து பார்த்தீர்களே, அதை அனுப்புவதற்கு முன் செய்யுங்கள். அச்சு நான்கு மையில் வருகிறது, திரை மூன்று ஒளியில் வருகிறது, குங்குமச் சிவப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கவே இருக்காது, அதனால் ஒரு தாள் மாதிரி அச்சடித்து வாடிக்கையாளர் கையில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். ஒரு தாளுக்கு ஆகிற செலவு 400 தாளுக்கு முன் ஒன்றுமே இல்லை.

பின்னணியில் பொடி தூவியதற்கு வருத்தப்படாதீர்கள், லேசாகத் தூவுவது நாங்களும் செய்கிறதுதான், நீண்ட நிறமாற்றத்தில் அச்சிலேயே பட்டை வரும்போது அது உதவும். 16 பிட் திரையைப் பார்த்து அளவு வைத்ததால்தான் கூடிப்போயிற்று.

உட்லண்ட்ஸ் மல்லிகை
சனி, மாலை 5.40

அண்ணா, ஐயா, தம்பிகளே, எல்லாருக்கும் நன்றி. நேற்று மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு பெண்ணின் அம்மாவை நேரில் பார்த்தேன். தேக்கா சந்தைக்குப் பக்கத்தில்தான் அவர்கள் கடை. சன்னல் ஓரம் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். மணப்பெண் பார்த்துவிட்டு, அப்பா பெயரில் ‘ன்’ மேல் புள்ளி இல்லையே என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கோப்பில் பார்த்தால் உண்மையிலேயே புள்ளி இல்லை, தட்டச்சுப் பிழை. ஞாயிற்றுக்கிழமை அந்த இன்னொரு மென்பொருளில்தான் பெயர்களைச் சரிபார்த்தேன், எல்லாப் புள்ளியும் கரைந்து தெரிந்ததால் இதுவும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். மாதிரித் தாள் எடுக்காமல் இருந்தால் இரண்டாவது தடவையும் போயிருக்கும்.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, கைப்பேசி இணைப்பில் விபிஎன் போட்டு விண்டோஸ் 7 பெட்டிக்குள் போய், அவர்கள் கண் முன்னாலேயே புள்ளியை வைத்தேன். 32 பிட்டில் கைப்பேசி இணைப்பிலும் வேலை செய்ய முடிந்தது என்பதை ஈசூன் தம்பிக்காகச் சொல்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

அந்தப் பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அந்தப் பெட்டியை நிறுத்திவிடலாம் என்று முதலாளி சொல்கிறார். 15 வருடக் கோப்பு. யாராவது இதைச் செய்திருந்தால் எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள், தனி இழையாகப் போடுகிறேன்.

பழைய பெட்டி
சனி, இரவு 7.10

போடுங்கள் அம்மா. எழுத்துருக்களின் பெயர்களை எல்லாம் முதலில் ஒரு பட்டியல் எடுத்து வையுங்கள், எது எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து ஆரம்பிக்கலாம். நான் இருக்கிறேன்.